அரசாணிக்காய் பாக்க அம்மாவோட ஆறு நாள்

அக்டோபர் 8, 2024, செவ்வாய் - டோக்கியோவுல இருந்து மட்சுமோட்டோ

ஜப்பான்ல எங்கெங்க போகணும்னு லிஸ்ட் தேடி வந்தவங்க இப்பவே திரும்பிடலாம், இது அந்த மாதிரி பதிவு இல்ல. தம்பி டோக்கியோல வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷமாச்சு, அவனைப் பாக்க அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன், வந்த எடத்துல அவனுக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. சரி, அம்மாவும் பொண்ணும் ஒரு ஆறு நாள் சுத்துவோம்னு கெளம்பினது. எங்க போறதுன்னு முடிவு பண்ணது நான், காரணம் யாயோய் குசாமாங்கற ஜப்பான் ஓவியர்.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில பிரிண்ட் டிசைனர். குழந்தைங்க டிரெஸ்ஸுக்கு வருஷத்துக்கு முப்பது நாப்பது புள்ளி டிசைனாவது போட்டாகணும், பையர் அனுப்புற படங்கள்ல குசாமாவோட பூசணிக்காய் இல்லாம ஒரு சீசன்கூட போனதில்ல. இவ்ளோ வருஷமா அந்தம்மா புள்ளிய வெச்சு சோறு தின்னிருக்கோம், ஒருக்கா நேர்ல பாக்க வேண்டாமா. அம்மா பனியன் கம்பெனில இருபத்திரண்டு வருஷம் டெய்லர். அதனால "புள்ளி போடுற ஆயா ஒருத்தங்க, 95 வயசாச்சு, இன்னும் வேலை செய்யறாங்க"ன்னு சொன்னதும் கேட்ட மொத கேள்வி "இன்னுமா? என்ன கண்ணு, சம்பளம் பத்தலையா?"

ஷின்ஜுகுல இருந்து அசுசா எக்ஸ்பிரஸ், ரெண்டரை மணி நேரம், ஆளுக்கு 6,620 யென். பாதியாக்கி மேல கொஞ்சம் சேத்தா ரூபாய், அம்மா மனசுலயே போட்டுட்டு "பழனிக்கு எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கலாம்"னாங்க. இந்தப் பதிவு முழுக்க விலை எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும், பழகிக்கோங்க. 

வெளிய மழை, கண்ணாடி முழுக்க தண்ணி, மலை இருக்குன்னு சொன்னாத்தான் தெரியுது. 1950கள்ல இதே ஊர்ப் பாதை ஆறு மணி நேரம் எடுத்துச்சாம். குசாமா மட்சுமோட்டோல ஒரு பழைய புத்தகக் கடையில அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைஞ்ச ஓவியத்தைப் பாத்துட்டு, அவங்க அட்ரஸ் வேணும்ங்கறதுக்காகவே ரயில் ஏறி டோக்கியோ அமெரிக்கத் தூதரகம் போய், அங்க இருந்த பெரிய மனுஷங்க விவரப் புத்தகத்தைப் பொரட்டிக் கண்டுபிடிச்சு லெட்டர் போட்டிருக்காங்க. இருபத்தாறு வயசு, யாருன்னே தெரியாத பொண்ணு. ஓ'கீஃப் பதில் போட்டாங்க. அதுதான் எனக்கு ஆச்சரியம், எழுதினது இல்ல, பதில் வந்தது. 

மட்சுமோட்டோல எறங்கினா குளிர். திருப்பூர் மார்கழிக்கு வாங்குன ஸ்வெட்டர் பத்தல. புரட்டாசி முடியற வரைக்கும் அம்மா கவுச்சி தொடமாட்டாங்க, இந்த ஊர்ல காய்கறிக் குழம்புல கூட மீன் தண்ணி இருக்கும், அதனால பையில பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நல்லெண்ணெய் ரெடி. ஆனா ஸ்டேஷன் பக்கத்துல ஒயாகின்னு ஒரு ஐட்டம் கெடைச்சுச்சு, இந்த நகானோ பக்கத்துப் பலகாரம், மாவுக்குள்ள காய் வெச்சு ஆவில வேக வெச்சு லேசா சுட்டுத் தர்றாங்க. உள்ள கீரை, பயறு, இல்லன்னா பூசணிக்காய். அம்மா பூசணிக்காய் வெச்சதைக் கடிச்சுட்டு "கொழுக்கட்டைக்குள்ள அரசாணிக்காய் பொரியல்"னாங்க. 

இதுக்கு மேல சொல் சண்டை வராம இருக்க ஒரு வார்த்தை. சென்னைக்காரங்களுக்குப் பரங்கிக்காய், சில ஊர்ல மஞ்சப் பூசணி, எங்க ஊர்ல அரசாணிக்காய். குசாமா வரையறது இதைத்தான், ஆயுத பூஜைக்கு உடைக்கிற சாம்பல் பூசணி இல்ல. ரெண்டையும் கொழப்பிக்கிட்டா அம்மாவுக்குக் கோவம் வரும், அது வெள்ளிக்கிழமை தெரிஞ்சுது.

அக்டோபர் 9, புதன் - மட்சுமோட்டோ

காலைல மழை விட்டுச்சு. ஊர் நடுவுல அங்கங்க ஊத்துத் தண்ணி வருது, கென்ச்சி கிணறுன்னு ஒண்ணு, யார் வேணா பாட்டில்ல புடிச்சுக்கலாம். அம்மா மூணு பாட்டில் புடிச்சாங்க, மூணையும் நாள் முழுக்கத் தூக்கினது நான். 

முனிசிபல் மியூசியம் வாசல்லயே ராட்சச டூலிப் பூ, சுருண்டு நெளிஞ்சு, செகப்பு மஞ்ச பச்சைல மேலெல்லாம் புள்ளி. 2002ல மியூசியம் தெறந்ததுல இருந்து அங்கதான் நிக்குது. பக்கத்துல இருக்குற கூல்டிரிங்க்ஸ் மெஷின்லயும் புள்ளி. ரோட்டுல ஒரு பஸ் போச்சு, அதுலயும் புள்ளி. தான் பொறந்த ஊர் தன்னைக் கண்டாலே தலையத் திருப்பிக்கிச்சுன்னு இருந்த ஒருத்தங்களுக்கு இப்ப பஸ் முழுக்க மரியாதை. 

குசாமா குடும்பம் இங்க வெத நாத்துப் பண்ணை வெச்சிருந்தாங்க, நல்ல வசதி. 1929ல பொறந்தாங்க, நாலு பிள்ளைங்கள்ல கடைசி. பத்து வயசு வாக்குல பூவெல்லாம் பேசுறதாவும், பாக்குற எடமெல்லாம் ஒரே பூ டிசைன் பரவி தன்னையும் முழுங்குறதாவும் தோண ஆரம்பிச்சிருக்கு. பயத்துல கண்டதை உடனே வரைஞ்சிருக்காங்க. பூசணிக்காயும் அப்படி ஒருநாள் தோட்டத்துல பேசிச்சாம். யுத்த காலத்துல பதிமூணு வயசுல பாராசூட் தைக்கிற ஃபேக்டரிக்கு அனுப்பிட்டாங்க. இந்த எடத்துல அம்மா நிறுத்தி "பாராசூட்டுக்கு என்ன துணி? மிஷின் தையலா?"ன்னு கேட்டாங்க, எனக்குத் தெரியல. "அதைத் தெரிஞ்சுக்காம என்ன படிச்சே."

உள்ள போனதும் எல்லாரும் கண்ணாடி ரூமுக்கு ஓடுறாங்க, நானும் ஓடினேன். சுத்தியும் கண்ணாடி, வெளக்கு, முடிவே இல்லாத மாதிரி. நல்லாத்தான் இருக்கு. ஆனா போன்ல நூறு தடவை பாத்தது, நேர்ல பாக்கறப்ப போன்ல பாத்த மாதிரியே இருக்குன்னு தோணிச்சு, அது என் தப்பா அந்த ரூமோட தப்பான்னு தெரியல. அமெரிக்கால 2017ல ஒரு மியூசியத்துல இப்படி ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள செல்ஃபி எடுக்கப் போய் வெளக்கு வெச்ச பூசணி ஒண்ணை ஒருத்தர் உடைச்சே வெச்சுட்டார். 

நான் ரொம்ப நேரம் நின்னது யாரும் நிக்காத எடத்துல, வலை ஓவியத்துக்கு முன்னாடி. இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இது என் தொழில் சம்பந்தப்பட்டது. தூரத்துல இருந்து பாத்தா புள்ளிதான் தெரியும். மூக்கை வெச்சுக்கிட்டுப் பாத்தா அவங்க புள்ளியே வைக்கல. சின்னச் சின்னதா வளைவு, நகத்தளவு, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே போகுது, அந்த வளைவுக்கு நடுவுல விட்டுப்போன எடம்தான் நமக்குப் புள்ளியாத் தெரியுது. சில எடத்துல பெயின்ட் கட்டியா, சில எடத்துல கை ஓஞ்சு போய் மெலிசா. ஓய்ஞ்ச எடம் தெரியுது, மறுபடி கை ஏறின எடமும் தெரியுது. 

நாங்க ரோட்டரி பிரிண்ட்ல போடுற புள்ளி 64 சென்டிமீட்டருக்கு ஒருக்கா அப்படியே திரும்ப வரும், ஸ்கிரீனோட சுத்தளவு அவ்ளோதான். அதுக்குப் பேர் ரிப்பீட். ரிப்பீட் எங்க சேருதுன்னு கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதை மறைக்கத்தான் எனக்குச் சம்பளம். குசாமாவைப் பத்தி யார் எழுதினாலும் ரிப்பீட், ரிப்பீட்னு எழுதுறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். இங்க ஒரு சாண் எடத்துல கூட ரிப்பீட் இல்ல. பத்து மீட்டர் நீளத்துக்கு எல்லாம் இப்படிப் போட்டிருக்காங்க 1960 வாக்குல. நியூயார்க்ல சாப்பாட்டுக்கு வழியில்லாத நேரத்துல.

அம்மா என்னடா இவ சொவத்தை மோந்து பாக்கறாளேன்னு வந்து நின்னாங்க. "இது என்ன, மீன் வலையா?" "அப்படித்தாம்மா பேரு வெச்சிருக்காங்க." சித்த நேரம் பாத்துட்டு, "நானும் ஒரே காலரைத்தான் இருவத்திரண்டு வருசம் தச்சேன், யாராச்சும் சொவத்துல மாட்டினாங்களா"ன்னு சொல்லிட்டு உக்காற பெஞ்சு தேடிப் போயிட்டாங்க. 

கடைசில புத்தகக் கடை. கேட்டலாக்ல 1962 நாற்காலி போட்டோ, ஒரு சாதா சோஃபா நாற்காலி, மேல எடமே இல்லாம துணில பஞ்சு அடைச்ச குழாய் குழாயா தச்சு வெச்சு வெள்ளை அடிச்சது. அடுத்த வருஷம் ஒரு படகு முழுக்க அதே மாதிரி தச்சு வெச்சு, அந்தப் படகோட போட்டோவை 999 பிரிண்ட் போட்டு ரூம் சொவர், கூரை எல்லாம் ஒட்டி ஒரு ஷோ. ஒரு பொருளைச் செஞ்சு வைக்கிறதுன்னு இல்லாம, நீங்க உள்ள நுழையற ரூமையே படைப்பா மாத்துற வேலையை அவங்க அங்கதான் ஆரம்பிச்சாங்கன்னு சொல்லலாம், ரெண்டு வருஷம் கழிச்சு 1965ல மொத கண்ணாடி ரூம். 

அம்மா கண்ணாடியப் போட்டுட்டு அந்த நாற்காலியப் பாத்தாங்க. ரொம்ப நேரம். அப்பறம் மெதுவா, "அம்மணி, இது... அதுவா?" 

"அதேதான்." 

சுத்திப் பாத்துட்டு (யாருக்குத் தமிழ் தெரியும்) "இத்தனையா?"ன்னாங்க. அந்த விஷயத்து மேல இருந்த பயத்தைப் போக்கத்தான் அதையே செஞ்சு செஞ்சு குவிச்சேன்னு அவங்களே சொல்லியிருக்காங்கன்னு சொன்னேன். அம்மா சிரிக்கல. "கைத்தையல்தான். மூலை திருப்பிருக்கா பாரு, சுருக்கம் விழுகாம. பஞ்சு அடைக்கறதுக்குள்ள வெரல் செத்துப் போயிருக்கும்." போட்டோல தையல் தெரியுதான்னு எனக்குச் சந்தேகம்தான், ஆனா டெய்லர் சொன்னா டெய்லர் சொன்னதுதான். 

ராத்திரி ரூம்ல மைக்ரோவேவ் சோறு 180 யென், பருப்புப் பொடி. ரிசப்ஷன்ல இருந்த பையன் சோத்தைச் சூடு பண்ணித் தந்துட்டு எண்ணெய் வாசத்துக்குத் தலை நீட்டிப் பாத்தான், அம்மா ஒரு உருண்டை குடுத்தாங்க, ரெண்டு கையிலயும் வாங்கிச் சாப்பிட்டுட்டு தண்ணி குடிக்க ஓடினான்.

அக்டோபர் 10, வியாழன் - முழு நாளும் ரயில்

இன்னிக்கு ஒண்ணும் பாக்கல, ஆனா சண்டை போட்டோம். மட்சுமோட்டோல இருந்து நகோயாவுக்கு ஷினானோன்னு ரயில், வளைவுல சாஞ்சு சாஞ்சு வேகமா போறதுக்குன்னே செஞ்சது. கிசோ பள்ளத்தாக்கு ஆறு, பாறை எல்லாம் ரொம்ப அழகுன்னாங்க. நாங்க பாத்தது பிளாஸ்டிக் கவர் உள்பக்கம். அம்மாவுக்கு அரை மணி நேரத்துல தலை சுத்தல், எனக்கு முக்கால் மணி நேரத்துல. எதிர் சீட்டு அம்மா ஒருத்தங்க பேசாம எந்திரிச்சு வந்து அம்மா கையில ஒரு புளிப்பு மிட்டாயும் ஈர டிஷ்யூவும் வெச்சுட்டு, திரும்பிப் போய்க் கண்ண மூடி உக்காந்துக்கிட்டாங்க. நன்றி சொல்லக்கூட எடம் குடுக்கல.

நகோயால மாறினப்பறம் ஷிங்கான்சென் புல்லட் ரயில் ஆடவே இல்ல, அப்பதான் பேச்சு வந்துச்சு. குசாமாவோட அம்மா கதை. பொண்ணு வரைஞ்சா புடுங்கிக் கிழிப்பாங்க. பெரிய எடத்துல கல்யாணம் பண்ணி வைக்கணும்னு பிடிவாதம். அப்பாவுக்கு வெளிய தொடர்பு, அவர் எங்க போறார்னு பாத்துட்டு வரச்சொல்லி சின்னப் புள்ளைய வேவு பாக்க அனுப்புவாங்க, வந்து சொன்னா அந்த ஆத்திரத்தையும் புள்ள மேலயே காட்டுவாங்க. இதெல்லாம் குசாமாவே சொன்னது. நான் படிச்சதுல இருந்து அந்தப் பொம்பளைய மன்னிக்கவே முடியாதுன்னு இருந்தேன். 

அம்மா கேட்ட கேள்வி: "அந்தப் பண்ணை யாருது?" 

அது ஒரு நல்ல கேள்வி. பண்ணை அம்மா வீட்டுச் சொத்து. அப்பா வீட்டோட மாப்பிள்ளையா வந்து, அவங்க குடும்பப் பேரையே தன் பேராப் போட்டுக்கிட்டவர். அந்த ஊர்ல அப்படி ஒரு வழக்கம். 

"அப்பச் சரி. சொத்து இவளுது, தொழிலைப் பாக்கறவ இவ, அவன் இவ காசுல ஊர் மேயறான். யார்கிட்டப் போய்ச் சொல்லுவா? ஊர்ல மானம் போயிரும். புள்ளைய அனுப்பினது தப்புதான். ஆனா எல்லாரும் ஆயாவுக்குப் பாவப்படறீங்க, அவ அம்மாளுக்கு ஒருத்தனும் பாவப்படல." 

அதுக்குன்னு புள்ளைய அடிக்கலாமான்னு நான் குரல் ஒசத்த, முன்சீட்டு ஆள் லேசாத் திரும்ப, நாங்க கிசுகிசுன்னு சண்டையத் தொடர்ந்தோம். குசாமா அமெரிக்கா கெளம்பறப்ப அந்தம்மா பத்து லட்சம் யென் குடுத்து இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லி அனுப்பினாங்கன்னு குசாமா சொல்லியிருக்காங்க. நான் இதை அந்தம்மாவுக்கு எதிரான பாயிண்டாத்தான் சொன்னேன். அம்மா அப்படியே திருப்பிப் புடிச்சுக்கிட்டாங்க. "பத்து லட்சம்! அந்தக் காலத்துல! குடுத்தாளா இல்லியா? வாயில சொன்னது வாயோட போச்சு, காசு கையில இருந்துச்சில்ல."

எனக்குப் பதில் சொல்லத் தெரியல, இப்பவும் தெரியல. 1957ல சியாட்டல் போனப்ப அறுபது பட்டுக் கிமோனோ, ரெண்டாயிரம் ஓவியம், டாலர் நோட்டை டிரெஸ்ஸுக்குள்ள தச்சு, ஷூவுக்குள்ள திணிச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஏன்னா அப்ப ஜப்பான்ல இருந்து வெளிநாட்டுக்கு இஷ்டத்துக்குப் பணம் கொண்டுபோக முடியாது. "பாத்தியா, தையல் தெரிஞ்சதுனால பொழச்சா." அடுத்த வருஷம் நியூயார்க். பணம் கரைஞ்சு போய், பழைய கதவு ஒண்ணைப் போட்டு அதுல படுத்து, மீன் கடைக்காரன் தூக்கிப் போட்ட தலையப் பொறுக்கிட்டு வந்து முட்டகோஸ் எலையோட வேக வெச்சுக் குடிச்சிருக்காங்க. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. புரட்டாசில மீன் தலை பேச்சே வேண்டாம்ங்கறதுக்கா, வேற எதுக்கான்னு கேக்கல.

இவ்ளோ புகழ்ந்துட்டு இதைச் சொல்லாம விட்டா சரியில்ல. நியூயார்க் நாட்களைப் பத்தித் தன் வாழ்க்கைக் கதையில கறுப்பின மக்களைக் கேவலமா எழுதியிருந்தாங்க, 2023ல அதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. ஆசியப் பொண்ணுன்னு, பொம்பளைன்னு தன்னை ஒதுக்கினாங்கன்னு வாழ்க்கை பூரா வருத்தப்பட்டவங்க எழுதினதுங்கறதுதான் எனக்கு ஒறுத்துது. 

சாயங்காலம் ஒகயாமா, அங்க இருந்து ஊனோ துறைமுகம் 590 யென். துறைமுகத்துல கடல் குப்பையில செஞ்ச பெரிய மீன் நிக்குது, பழைய பக்கெட், வலை, பொம்மை, பிளாஸ்டிக் கேன். "இது நம்ம நொய்யல்ல செஞ்சா திமிங்கலமே செய்யலாம்"னு அம்மா.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை - நவோஷிமா

எழுந்ததும் பாத்தா டேபிள் மேல இன்ச் டேப், குட்டிக் கத்திரி, என் போன், ரெண்டு பாஸ்போர்ட், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். பொரிக்குப் பதிலா கடைல வாங்குன வேர்க்கடலை. வாட்ஸ்அப்ல பழைய கம்பெனி குரூப்ல மிஷினுக்கெல்லாம் மாலை போட்ட போட்டோ வந்துக்கிட்டே இருந்துச்சு. 

படகு 20 நிமிஷம், 300 யென். நவோஷிமா மூவாயிரம் பேர் இருக்குற தீவு. வடக்கு மூலைல இன்னும் தாமிரம் உருக்குற ஆலை ஓடுது, தெக்க முழுக்க மியூசியம். துறைமுகம் வர்றதுக்கு முன்னாடியே செவப்புப் பூசணி தெரிஞ்சிடுது, 2006ல வெச்சது, அதுக்குள்ள பூந்து போகலாம், புள்ளி சிலது ஓட்டை, அது வழியாத் தலைய நீட்டலாம். குழந்தைங்க கூட்டம். அம்மாவும் பூந்து தலைய நீட்டினாங்க, அந்தப் போட்டோ குரூப்புக்குப் போயாச்சு.

வாடகைக்கு பேட்டரி சைக்கிள் எடுத்தோம், ஆளுக்கு 1,500 யென். அம்மா இருபது வருஷம் கம்பெனிக்கு சைக்கிள்ல போனவங்க, அதெல்லாம் எனக்கு எதுக்கு பேட்டரின்னாங்க. ஏறுறதுக்கு முன்னாடி பையில இருந்து குங்குமத்தை எடுத்து ரெண்டு சைக்கிள் ஹேண்டில்லயும் வெச்சு, முன்சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம். ஆமா, எலுமிச்சம்பழம் நேத்தே வாங்கி வெச்சிருக்காங்க, 158 யென், பச்சையா இருந்துச்சு. கடைத் தாத்தா பாத்துக்கிட்டே நின்னார். நான் பாதி இங்கிலீஷ்ல, பாதி கும்பிட்டு வெளக்கினேன். அவர் தலையாட்டினார், என்ன புரிஞ்சுதோ. அம்மா பெடல்ல கால வெச்சதும் மோட்டார் வேலை செஞ்சு சைக்கிள் குபீர்னு பாஞ்சு, எலுமிச்சம்பழம் நசுங்கி, அம்மா நேரா வேலிச் செடிக்குள்ள. அடி ஒண்ணும் இல்ல, முழங்கைல சிராய்ப்பு. "நல்லதுக்குத்தான், திருஷ்டி கழிஞ்சுது." 

மஞ்சப் பூசணி இருக்குற பக்கம் கடைசி வரைக்கும் சைக்கிள் விடமாட்டாங்க, பஸ் ஸ்டாப் கிட்ட நிறுத்திட்டு நடக்கணும். வளைவு திரும்பினா கடல், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு பழைய படகுத்துறை, அதோட நுனியில தனியா அது. ரெண்டு மீட்டர் ஒசரம், ரெண்டரை மீட்டர் அகலம். நான் இன்னும் பெருசா நெனச்சிருந்தேன். ஆனா கிட்டப் போனா புள்ளி வெச்சிருக்குற வெதம் பிரமாதம். ஒவ்வொரு மடிப்போட வயித்துலயும் பெரிய புள்ளி, பள்ளத்துக்குப் போகப் போகச் சின்னதாகி ஊசிமுனை அளவுக்கு எறங்குது. தட்டையான துணியில இந்த வேலை செஞ்சா உருண்டையாத் தெரியும், உருண்டையான பொருள்ல செஞ்சிருக்காங்க, அது இன்னும் உப்பி மூச்சு விடற மாதிரி இருக்கு. 

வரிசைல நின்னு போட்டோ எடுக்குறாங்க, யாரும் சொல்லாமலே ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்துக்குப் போட்டோ எடுத்துக் குடுத்துட்டு நகருது. நிக்கிற நேரத்துல அம்மாவுக்குக் கதை சொன்னேன். 1994ல வெச்சது. 2021 ஆகஸ்ட்ல புயல் அடிச்சப்ப கடல் இதைத் தூக்கிட்டுப் போய் படகுத்துறைல மோதி மோதி உடைச்சுது, அந்த வீடியோ உலகம் பூரா ஓடுச்சு, அடுத்த வருஷம் அக்டோபர்லதான் முன்னைவிட உறுதியாச் செஞ்சு மறுபடி வெச்சாங்க. சொல்லிட்டு நான் புத்திசாலி மாதிரி, "ஆயுத பூஜைக்குப் பூசணி உடைக்கிற மாதிரி கடலே உடைச்சிருக்கு பாரும்மா"ன்னேன். 

"அது சாம்பல் பூசணி. இது அரசாணி. இதைப் போய் யாராச்சும் உடைப்பாங்களா, கூட்டு வெக்கறது." என் மொத்தக் கவிதையும் காலி. 

அப்பறம் அவங்க கேள்வி. "ஒடஞ்சதை ஒட்டினாங்களா, புதுசாச் செஞ்சாங்களா?" புதுசுதான்னேன். "அவளா செஞ்சா?" இல்ல, அவங்க டிசைன், ஃபைபர்ல வேற ஆளுங்க செய்வாங்க. "அப்பப் பேட்டர்ன் அவளுது, தையல் அடுத்தவனுது. சொவத்துல நீ மோந்து பாத்தியே, அது அவ கையால. இது கம்பெனி மால்." குறையாச் சொல்லல, செக்கிங்ல பீஸ் பிரிக்கிற மாதிரி ரெண்டு தட்டுல போட்டாங்க. 

மத்தியானம் ஒரு பள்ளத்தாக்குல, தடாவோ ஆண்டோங்கற கட்டடக் கலைஞர் கட்டின சின்ன கான்கிரீட் கட்டடம், அதுக்குள்ளயும் வெளியவும் குளத்துலயும் புல்லுலயும் நூத்துக்கணக்குல எவர்சில்வர் உருண்டை. ஒவ்வொண்ணுலயும் நாங்க ரெண்டு பேர், தலை பெருத்து, கால் சூம்பி. இதோட மொத வடிவம் 1966ல, இத்தாலில நடக்குற வெனிஸ் பியனாலேங்கற பெரிய கலைக் கண்காட்சில. கூப்பிடாமலே போய், வெளிய புல்தரையில 1,500 பிளாஸ்டிக் கண்ணாடி உருண்டையப் பரப்பி, தங்கக் கலர் கிமோனோ கட்டிக்கிட்டு "உங்கள் தற்பெருமை விற்பனைக்கு"ன்னு போர்டு வெச்சு ஒண்ணு 1,200 லிரான்னு வித்திருக்காங்க, அப்ப ரெண்டு டாலர். ஐஸ்கிரீம் மாதிரி கலைய விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. 

"சுத்தி மத்தவங்க கடை விரிச்சிருந்தாங்களே, அவங்கெல்லாம் சும்மா குடுத்தாங்களா?"ன்னு அம்மா கேட்டாங்க. 

ஊர்க்காரங்களும் அப்ப இப்படிக் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க நியூயார்க் தெருவுல நிர்வாண ஆளுங்க மேல புள்ளி வரைஞ்ச செய்தி மட்சுமோட்டோ வந்து குடும்பத்துக்கே தலைகுனிவாச்சு. 1973ல ஒடம்பு சரியில்லாமத் திரும்பி வந்தாங்க. 1977ல இருந்து டோக்கியோல ஒரு மனநல மருத்துவமனைலதான் வாசம், தானா போய்ச் சேந்தது, பக்கத்துலயே ஸ்டூடியோ, வேலைக்குப் போற மாதிரி தெனமும் போய்ட்டு வந்தாங்க. உலகமே மறந்து போய், 1989ல நியூயார்க்ல ஒரு பெரிய ஷோவுக்கு அப்பறம் திரும்ப ஞாபகம் வந்து, 1993ல அதே வெனிஸுக்கு ஜப்பானே அனுப்பி வெச்சுது, இந்தத் தடவை குட்டிப் பூசணிகளை வந்தவங்களுக்குச் சும்மா குடுத்தாங்க. "சும்மா குடுத்தாத் திட்டலையா?" இல்லம்மா. "அதானே."

சைக்கிளைத் திருப்பிக் குடுத்தப்ப தாத்தா கீறல் இருக்கான்னு சுத்திப் பாத்தார், ஹேண்டில்ல குங்குமம் பாத்தார், உள்ள போய் ஈரத்துணி எடுத்துட்டு வந்து ஒண்ணும் சொல்லாம தொடைச்சுட்டுக் குனிஞ்சு வணக்கம் வெச்சார். அம்மா படகு ஏறுற வரைக்கும், "பொழுது சாயறதுக்குள்ள தொடைக்கறான் பாரு."

அக்டோபர் 12, சனி - திரும்பல்

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை. ஒகயாமா ஸ்டேஷன்ல பெருமாளைக் கெழக்கப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் அம்மா வாயில தண்ணி. மூணு நாள் லீவு சேந்து வருதுன்னு எனக்குத் தெரியாது, ரிசர்வ் பண்ணாம ஏறிட்டோம், கூட்டம் தீபாவளி பஸ் மாதிரி, ஆனா சத்தமே இல்லாத தீபாவளி பஸ். கோட்டு போட்ட ஒருத்தர் ஷின்கோபே வர்றப்ப எந்திரிச்சுப் பையத் தூக்கிட்டுக் கதவுப் பக்கம் போனார், எறங்கறார்னு அம்மா உக்காந்தாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் பாத்ரூம் போறேன், அந்த மனுஷன் கதவோரமா சாஞ்சு நின்னு புக் படிச்சுக்கிட்டிருக்கார். என்னைப் பாத்ததும் அவருக்குத்தான் கூச்சம். ஷின்யோகோஹாமாலதான் எறங்கினார். 

சாப்பாடு: கடல்பாசி ஒட்டின சோத்து உருண்டை, உள்ள உப்புப் பிளம்ஸ், 150 யென். அம்மா உள்ள இருக்குறதைத் தோண்டி எடுத்துட்டு எள்ளுப் பொடி வெச்சு மூடினாங்க.

அக்டோபர் 13, ஞாயிறு - டோக்கியோ

நிப்போரில துணிக்கடைத் தெரு இருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் துணி, பட்டன், லேஸ். எனக்கு அது ஞாயித்துக்கிழமை பாதி மூடியிருக்கும்னு தெரியல. தம்பி "நான் சொன்னேனே"ங்கறான், சொல்லவே இல்ல. தெறந்திருந்த ஒரு சின்னக் கடையில பெரிய மஞ்சத் துணி, கறுப்புப் புள்ளி, அந்தப் பூசணி மாதிரியே. மீட்டர் 980 யென். நான் உடனே ரெண்டு மீட்டர்னேன். 

அம்மா விடல. துணியோட கரையப் புடிச்சு நீட்டி, மடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, பையில இருந்த இன்ச் டேப்பை எடுத்தாங்க, சந்தனம் இன்னும் ஒட்டியிருந்துச்சு. கடைக்காரம்மாவும் கவுண்டர விட்டு வந்து பக்கத்துல நின்னு பாத்தாங்க. கரைல இருந்து மொத புள்ளி இங்க ரெண்டு இன்ச், அரை மீட்டர் தள்ளி ஒண்ணே முக்கா. 

"பிரிண்ட் கோணலா ஓடியிருக்கு, அம்மணி. வெட்டினா புள்ளி சாஞ்சு நிக்கும்." 

கடைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, டேப்பு தெரியும். குனிஞ்சு தானும் ஒருக்கா அளந்தாங்க, முகத்தைச் சுளிச்சாங்க, அந்தத் துணியச் சுருட்டி உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. வெளிய வர்றப்ப கையில ஒரு நீல நிற பிளெய்ன் பருத்தி. அரை இன்ச் எச்சாவே வெட்டிக் குடுத்தாங்கன்னு அம்மா வீடு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டு வந்தாங்க.